ஒன்று என்றால் நிறுத்து

மாப்பிள்ளை கம்ப்யூட்டரில் அந்தக் கறுப்புத் திரையைக் கொண்டுவந்து வைத்த நாளிலிருந்து மெக்கானிக்குக்கு ஆபீஸ் என்றாலே வேப்பங்காய். கட்டடத்தின் உச்சியில் இருக்கிற லிஃப்ட் மெஷின் ரூமில், கிரீஸ் நாற்றத்தில், தலை இடிக்கிற கூரைக்குக் கீழே நாள் முழுக்கக் குனிந்து நிற்கச் சொன்னால் நிற்பார். அந்த மேசைக்கு முன்னால் பத்து நிமிஷம் உட்காரச் சொன்னால் வாசலைப் பார்ப்பார்.

லிஃப்ட் பராமரிக்கிற கம்பெனி அது. பெரிசாக ஒன்றும் இல்லை. ஒரு முதலாளி, வெளியே சுற்றுகிற மெக்கானிக்குகள் மூன்று பேர், ஃபோன் எடுத்துப் புகார் குறித்துக்கொள்கிற அக்கா ஒருத்தர். மூன்று மெக்கானிக்குகளில் இவர்தான் மூத்தவர். முப்பத்தொரு வருஷ சர்வீஸ். எட்டாவதோடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவர்.

ஆபீசில் அவருக்குப் பட்டப்பெயர் சந்தேகம். இறுக்கிய போல்ட்டை மறுபடி இறுக்கிப் பார்ப்பார். படி இறங்கிப் போய்விட்டுத் திரும்பி ஏறிவந்து மூன்றாம் தடவை இறுக்குவார். ‘சந்தேகம் வந்தாச்சா?’ என்பார்கள். ‘சந்தேகம் சாப்பிடப் போயிருக்கு’ என்பார்கள். அவர் காதிலும் விழும். வருத்தப்பட்டதில்லை. கயிற்றில் தொங்குகிற பெட்டிக்குள் மனுஷன் ஏறுகிறான். சந்தேகப்பட ஊரில் ஒருத்தனாவது வேண்டாமா?

முன்பெல்லாம் ரிப்போர்ட் என்றால் கார்பன் வைத்த பேடில் பேனாவால் எழுதுவார். எழுதி, ஒவ்வொரு வரிக்கும் கீழே விரல் வைத்துப் படித்து, கையெழுத்துப் போட்டுக் கிழித்துக் கொடுப்பார். போன வருஷம் இன்ஷூரன்ஸ்காரர்கள் டைப் அடித்த ரிப்போர்ட்தான் வேண்டும் என்று சொல்லிவிட்டார்கள். முதலாளி ஆபீசுக்கு ஒரு கம்ப்யூட்டர் வாங்கினார். அதைப் பார்த்துக்கொள்ள ஆள் தேடினார். ‘நம்ம மாப்பிள்ளைக்கு அதெல்லாம் தெரியும்’ என்று வாயை விட்டது வேறு யாரும் இல்லை, மெக்கானிக்கேதான்.

மாப்பிள்ளை வந்தார். நல்ல பையன்தான், சிகரெட் இல்லை, சத்தம் போட்டுப் பேச மாட்டார். ஆனால் ஒரு பொருளை வைத்த இடத்தில் வைத்தபடி விடமாட்டார்.

“மாமா, காசு குடுத்து எதுவும் வாங்க வேணாம். இந்த எடிட்டர்ங்கிற சாஃப்ட்வேர் ஃப்ரீ. எழுதுறதுக்கு இதைவிட ஒன்னு கிடையாது. எந்த கீயைத் தட்டினா என்ன நடக்கணும்னு நாமளே சொல்லிக்கலாம். எல்லாமே நம்ம இஷ்டம்.”

“நம்ம இஷ்டம்னா, யார் இஷ்டம் மாப்பிள்ளை?”

“நம்ம எல்லார் இஷ்டமும்தான் மாமா.”

அன்றைக்கே அவருக்கு உள்ளே ஒரு போல்ட் லூசான மாதிரி இருந்தது. சொல்லவில்லை. பெண்ணைக் கட்டிக் கொடுத்த இடம். மற்றவனாக இருந்தால் நாலு வார்த்தை கேட்டிருப்பார். மாப்பிள்ளையிடம் ‘வாங்க, போங்க’வுக்கு மேல் நாக்கு புரளாது.

முதல் வாரம் முழுக்க அதிலிருந்து வெளியே வருவது எப்படி என்பதிலேயே போனது. பெட்டியும் இல்லை, பட்டனும் இல்லை, மூடுவதற்கு மூலையில் ஒரு பெருக்கல் குறி இருக்குமே, அதுவும் இல்லை. அதெல்லாம் இருந்தால் அசிங்கமாக இருக்கிறது என்று மாப்பிள்ளை எடுத்துவிட்டார். கறுப்புத் திரை, நடுவில் சிமிட்டுகிற ஒரு கட்டம், கீழே ஒற்றை வரி. மெக்கானிக் எதையோ தட்டினால் கீழ் வரியில் அது எதையோ கேட்கும். பதில் தெரியாமல் இன்னொன்றைத் தட்டினால் இன்னொன்றைக் கேட்கும். கடைசியில் குனிந்து சுவரில் இருக்கிற சுவிட்சை அணைத்துவிட்டு வீட்டுக்குப் போவார். அடித்ததெல்லாம் போயிருக்கும்.

“சந்தேகம் அண்ணே, இன்னிக்கும் சுவிட்சுதானா?” என்பார் அக்கா.

“லிஃப்ட்ல ஆள் மாட்டிக்கிட்டா உள்ள ஒரு அலாரம் பட்டன் இருக்கும்மா. இதுல அதுகூட இல்ல.”

அக்கா அவருக்கு முன்னாலேயே அதோடு சமாதானம் ஆகிவிட்டார். எந்தெந்தக் கட்டடத்திலிருந்து புகார் வருமோ, அந்த முகவரிகளையெல்லாம் சுருக்கி வைத்திருந்தார். இரண்டு எழுத்து அடித்தால் முழு முகவரியும் வந்து நிற்கும். முதலாளி கண்ணாடி போட மாட்டார், வயசு தெரிந்துவிடுமாம். அவர் உட்கார்ந்து எழுந்தால் ஒவ்வொரு எழுத்தும் கட்டைவிரல் மொத்தத்துக்கு நிற்கும். அடுத்து உட்காருகிற மெக்கானிக்குக்குத் திரையில் நாலு வார்த்தைக்கு மேல் தெரியாது. ஒரே மெஷின், இந்த மாற்றமெல்லாம் எழுதி வைக்கிற ஒரே செட்டிங்ஸ் ஃபைல். யார் எதை மாற்றினாலும் எல்லார் தலையிலும் விடிந்தது. ஒருநாள் இவர் பிரேக்கைப் பற்றி எழுதிக்கொண்டிருக்க, பாதி வரியில் ஒரு பல் டாக்டர் ஆஸ்பத்திரியின் முகவரி பின்கோடோடு வந்து உட்கார்ந்தது.

அவரும் சும்மா இருக்கவில்லை. தன் வழிக்கு ஒன்று செய்தார். இறுக்கிய போல்ட்டுக்குச் சிவப்புப் பெயின்ட்டில் பொட்டு வைப்பார்கள். பொட்டு நகர்ந்திருந்தால் போல்ட் லூசாகிவிட்டது என்று அர்த்தம். அந்தப் பெயின்ட்டைக் கொண்டுவந்து, தனக்கு வேண்டிய கீகளுக்குப் பொட்டு வைத்தார். சேமிக்க ஒரு பொட்டு, வெளியே வர ரெண்டு பொட்டு, அழிந்ததை மீட்க மூன்று பொட்டு. நாலு நாள் நன்றாகப் போனது. ஐந்தாம் நாள் சேமிக்கிற கீ ஆங்கில எழுத்தையெல்லாம் கேபிட்டலாக்கியது.

“அது ஒன்னுமில்ல மாமா. சுண்டு விரல் வலிக்குதேன்னு அந்த ரெண்டு கீயையும் இடம் மாத்திட்டேன். பழகிட்டா சுகமா இருக்கும்.”

“பொட்டு வச்சிருந்தேனே மாப்பிள்ளை?”

“பொட்டு அப்படியேதான் மாமா இருக்கு. கீ செய்ற வேலைதான் மாறிடுச்சு.”

மெக்கானிக் எழுந்து வெளியே போய், தெருவில் நின்று, ஒரு முழு பாட்டில் தண்ணீர் குடித்துவிட்டு உள்ளே வந்தார்.

இருந்தாலும் உண்மையைச் சொல்ல வேண்டும். ஒரு விஷயத்தில் மட்டும் அந்த மெஷின் அவரைக் கவிழ்த்துவிட்டது. ரிப்போர்ட்டில் திரும்பத் திரும்ப வருகிற வரிகளுக்கு மாப்பிள்ளை சுருக்கம் போட்டுத் தந்தார். “நீங்க எழுதிக் குடுங்க மாமா, உங்க வார்த்தையிலயே வரும்” என்றார். மெக்கானிக் பழைய கார்பன் பேடில் உட்கார்ந்து எழுதிக் கொடுத்தார். ரோப், பிரேக், கதவு, கன்ட்ரோல், பெட்டி. ஒவ்வொன்றுக்கும் மூன்று வரி. எப்போதும் மோசமானதுதான் முதலில். அவர் மெஷின் ரூமுக்குள் காலை வைத்ததும் தேடுவது அதைத்தானே? ஒன்று என்றால் நிறுத்து. இரண்டு என்றால் கவனி. மூன்று என்றால் நன்று.

‘ரோ1’ என்று அடித்து டேப் கீயைத் தட்டினால், ‘ரோப்பில் இழைகள் அறுந்துள்ளன. ரோப் மாற்றப்படும் வரை லிஃப்டை இயக்கக் கூடாது’ என்று வரும். பிழை இல்லாமல், அவர் சொல்லுகிற மாதிரியே. முதல் தடவை பார்த்தபோது, யாரும் பார்க்காத நேரத்தில் ஏழெட்டு முறை அடித்து அடித்து அழித்தார். விரல் இரண்டும் தானாகப் பழகிக்கொண்டன.

பழகினாலும் அவர் வழக்கத்தை விடவில்லை. அடித்து முடித்ததும் பேப்பரில் எடுத்து, விரல் வைத்துப் படித்து, அப்புறம்தான் அனுப்புகிற கீயைத் தொடுவார். அந்தக் கீயைத் தட்டினால் ரிப்போர்ட் நேரே கட்டடத்துக்காரருக்கு மெயிலில் போய்விடும். மாப்பிள்ளைக்கு இந்தப் படிப்பு பிடிக்கவில்லை. ரிப்போர்ட் நீளமாகத் தெரிகிறது என்று அதையும் சுருட்டி வைத்தார். ஒவ்வொரு வரியையும் அடித்து முடித்ததும் தலைப்பு மட்டும் நிற்கும். ‘ரோப்’, பக்கத்தில் மூன்று புள்ளி. உள்ளே என்ன இருக்கிறது என்று பார்க்க வேண்டுமானால் வேறொரு கீயைத் தட்டி விரிக்க வேண்டும்.

“எதுக்கு மாப்பிள்ளை மூடி வைக்கிறீங்க?”

“நீட்டா இருக்கும் மாமா. நீங்க அடிச்சதுதானே உள்ள இருக்கு. உங்க வரியையே நீங்க நம்ப மாட்டீங்களா?”

ஒருநாள் காலை வீட்டில் சண்டை. சண்டை என்றால் அவர் ஒன்றும் பேசவில்லை, மனைவிதான் பேசினாள்.

“மாப்பிள்ளை செஞ்சு குடுத்ததை நீங்க ஒவ்வொரு தடவையும் பேப்பர்ல எடுத்து எடுத்துப் படிக்கிறீங்களாமே. திருடன் மேல சந்தேகப்படுற மாதிரி. அவர் ஒன்னும் சொல்லல, உங்க பொண்ணுதான் ஃபோன்ல அழுதுச்சு. அங்க அவர் முகத்தைப் பாக்கவே கஷ்டமா இருக்காம்.”

“நான் யார் எழுதினாலும் படிப்பேன். நான் எழுதினதையே படிப்பேன்.”

“ஒரு நாள், ஒரே ஒரு நாள் நம்பித்தான் பாருங்களேன். குடியா முழுகிடும்?”

அவர் சோற்றில் கையை வைத்தபடி உட்கார்ந்திருந்தார். மகள் அழுதாள் என்பதற்கு மேல் எதுவும் காதில் ஏறவில்லை.

அன்றைய முதல் வேலை நாலு தெரு தள்ளி, ஆறு மாடிக் கட்டடம். மாடிக்கு மாடி டாக்டர்கள். எலும்பு டாக்டர் ஐந்தாவது மாடியில் இருந்தார். எந்தப் புத்திசாலி அவரை அங்கே வைத்தானோ! மெக்கானிக் மெஷின் ரூமில் மெயினை அணைத்துவிட்டு டார்ச்சைப் பிடித்தார். நாலு கயிற்றில் மூன்றாவதில் கை பட்டதும் குத்தியது. துணியைச் சுற்றிப் பிடித்து, பாகம் பாகமாகப் பார்த்தார். ஒரு முழத்துக்குள் ஏழு இழை அறுந்து முள் மாதிரி நின்றது. அவர் இரண்டு தடவை எண்ணினார். ஏழுதான்.

ஃப்யூஸைப் பிடுங்கி, கீழே வந்து பில்டிங் மேனேஜர் கையில் கொடுத்தார். சாவியையும் கொடுத்தார். “ரோப் போச்சு. ஓட்டாதீங்க. ரிப்போர்ட் மத்தியானத்துக்குள்ள வரும்.” கதவில் ‘பழுது’ பலகையைத் தொங்கவிட்டார். மேனேஜர், ஒல்லியான மனுஷன், கழுத்தில் அடையாள அட்டை, முகத்தைச் சுளித்தான். “நோயாளிங்க என்னைத்தான் திட்டுவாங்க” என்றான். “திட்டட்டும்” என்று வந்துவிட்டார்.

ஆபீசில் உட்கார்ந்து, கட்டடத்தின் பெயரை அடித்தார். ‘ரோ1’. டேப். ஒரு வரி வந்த மாதிரி மின்னியது, உடனே சுருண்டுகொண்டது. ரோப், மூன்று புள்ளி. பிரேக்குக்கும் கதவுக்கும் மற்றதற்கும் மூன்று. எல்லாம் சுருண்டு ஐந்தே தலைப்பாக, நீட்டாக நின்றது.

விரிக்கிற கீ மேல் விரல் போனது. எதிர் மேசையில் மாப்பிள்ளை நிமிர்ந்து அவரைப் பார்த்தார். பார்த்துவிட்டு, பார்க்காத மாதிரி குனிந்துகொண்டார்.

மெக்கானிக் விரலை எடுத்தார். அனுப்புகிற கீயைத் தட்டினார். முப்பத்தொரு வருஷத்தில் படிக்காமல் அனுப்பியது அது ஒன்றுதான்.

“அனுப்பியாச்சா மாமா?” என்றார் மாப்பிள்ளை. முகம் மலர்ந்திருந்தது.

“அனுப்பியாச்சு.”

மாப்பிள்ளை சந்தோஷமாகச் சாப்பிடப் போனார்.

மூன்று மணி இருக்கும். மாப்பிள்ளை முதலாளியோடு வெளியே போயிருந்தார். மெக்கானிக் புது ரோப்புக்கு ஆர்டர் எழுதிக்கொண்டிருந்தார். அக்கா ஃபோனை வைத்துவிட்டுச் சிரித்தார்.

“அண்ணே, அதிசயமா ஒருத்தர் நன்றி சொல்லக் கூப்பிட்டிருக்கார். டாக்டருங்க பில்டிங் மேனேஜர். ரிப்போர்ட் பாத்தாராம், லிஃப்ட் ஜம்முனு ஓடுதாம்.”

“என்னது ஓடுது?”

“லிஃப்ட்தான்.”

“ரிப்போர்ட்ல என்ன இருக்குன்னு சொன்னான்?”

“நல்ல நிலையில இருக்கு, தொடர்ந்து இயக்கலாம்னு நீங்கதான் எழுதியிருக்கீங்களாமே. காலையில ஃப்யூஸை எதுக்குப் பிடுங்கினீங்கன்னுதான் புரியலயாம்.”

மெக்கானிக் நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தார். “கூப்பிட்டு நிறுத்தச் சொல்லும்மா” என்று கத்திக்கொண்டே பையைத் தூக்கிக்கொண்டு ஓடினார். அறுபத்திரண்டு வயசுக்கு ஓட்டம் என்று சொல்ல முடியாது. ஆனால் அந்த நாலு தெருவில் அவர் எந்த சிக்னலுக்கும் நிற்கவில்லை.

பலகையைக் காணவில்லை. கதவுக்கு மேலே எண் ஓடிக்கொண்டிருந்தது. ஐந்து. நாலு. அவர் எண்களைப் பார்த்தபடி நின்றார். மூன்று. வியர்வை கண்ணில் இறங்கி எரிந்தது, துடைக்கவில்லை. இரண்டு. ஒன்று. கதவு திறந்தது. காலில் மாவுக்கட்டோடு ஒரு ஆள், அவரைத் தாங்கிப் பிடித்த மனைவி, ஃபைலை மார்போடு அணைத்த இன்னொரு பெண். ஒவ்வொருவராக, நிதானமாக வெளியே வந்தார்கள். மாவுக்கட்டுக்காரர் ‘நன்றி’ என்று வேறு சொல்லிவிட்டுப் போனார்.

கடைசிக் கால் வெளியே வந்ததும் மெக்கானிக் பையை வாசலில் போட்டு, அதன் மேல் உட்கார்ந்தார். கதவு திறந்திருந்தால் லிஃப்ட் நகராது. அவருக்குத் தெரிந்த வழி அது ஒன்றுதான். கதவு மூட வந்து, அவர் தோளில் இடித்து, விலகியது. மறுபடி வந்து இடித்தது. மூன்றாவது தடவை கத்த ஆரம்பித்தது.

சத்தம் கேட்டு மேனேஜர் வந்தான். “என்னங்க இது? ஆபீஸ்ல இருந்து ஒரு அம்மா கூப்பிட்டு நிறுத்துங்கிறாங்க. நீங்க வந்து குந்திக்கிட்டிருக்கீங்க.”

“மெஷின் ரூம் சாவியைக் குடுங்க. ரோப் அறுந்திருக்கு.”

“காலையில அறுந்துச்சுன்னீங்க. மத்தியானம் நல்லாயிருக்குன்னு எழுதினீங்க. இப்ப திரும்ப அறுந்துச்சா? எதை நம்புறது?” பேப்பரை முகத்துக்கு நேரே பிடித்தான். “உங்க பேருதானே? பாருங்க.”

பார்த்தார். விரல் வைத்துப் படித்தார். ரோப் நல்ல நிலையில் உள்ளது. லிஃப்டைத் தொடர்ந்து இயக்கலாம். அவர் எழுதிக் கொடுத்த வரிதான். மூன்றாம் எண் வரி. மற்ற எல்லாம், பிரேக்கும் கதவும், ‘பழுது, நிறுத்தவும்’ என்று இருந்தது. அதற்கெல்லாம் அவர் மூன்று தட்டியிருந்தார்.

“பிரேக் பழுதுன்னு இருக்கே, அதையாவது படிச்சியா?” மரியாதை பறந்துவிட்டது.

“முதல் வரியில நல்லாயிருக்குன்னு இருந்துச்சு. நான் முதல் வரிதான் படிச்சேன்.”

கதவு தோளில் இடித்தது. மெக்கானிக்குக்கு அவனைத் திட்ட வாயில்லை. இவன் ஒரு வரியாவது படித்தான். அவர் அதுகூடப் படிக்கவில்லை.

“எழுத்துல குடுங்க, நிறுத்துறேன். வாய் வார்த்தைக்கு நிறுத்தினா அஞ்சாவது மாடி டாக்டர் என்னைக் கொன்னுடுவார். உங்க ஆபீஸ்ல இருந்து வரணும்.”

அதற்குள் இரண்டு பேர் மேலே போக வந்து நின்றார்கள். ஒரு கிழவர் வாட்சைப் பார்த்தார். மெக்கானிக் அக்காவைக் கூப்பிட்டார்.

“அம்மா, அந்த ரிப்போர்ட்டைத் திருத்தி அனுப்பு. ரோப்னு இருக்கிற இடத்துல நான் சொல்றதை அடி.”

“இருங்கண்ணே. முதலாளி எழுத்தைப் பெருசாக்கி வச்சிருக்கார், ஒன்னுமே தெரியல. ஆங். சொல்லுங்க.”

“ரோப்பில்…”

“ரோப்… ஐயோ. ரோஸ் கலர் பில்டிங், ரெண்டாவது தெருன்னு வருதுண்ணே. என் சுருக்கம். இருங்க, அழிக்கிறேன். அண்ணே, அழிச்சா மேல இருந்ததும் சேர்ந்து போயிடுச்சு.”

“அழிச்சதைத் திரும்பக் கொண்டுவர ஒரு கீ இருக்குமே.”

“உங்க பொட்டு வச்சதா?”

“அதை மாத்திட்டாரு!”

கதவு கத்திக்கொண்டே இருந்தது. கிழவர், “ஐயா, உங்க பஞ்சாயத்தை வெளிய வந்து வச்சுக்கக் கூடாதா?” என்றார். மெக்கானிக் எழுந்திருக்கவில்லை. தோள் வீங்கியிருந்தது. மாப்பிள்ளைக்கு ஃபோன் அடித்தார், எடுக்கவில்லை. மறுபடி அக்காவுக்கு அடித்தார்.

“இப்ப என்னாச்சு?”

“கீழ ஒரு வரியில என்னமோ கேக்குது. ஆமாவா இல்லையான்னு. எதுக்கு ஆமான்னு தெரியலண்ணே.”

முப்பத்தொரு வருஷ அனுபவமும் அந்த வாசலில் குந்திக்கொண்டு, ஆமாவா இல்லையா என்று யோசித்தது. பிறகு அவருக்குத் தோன்றியது.

“அம்மா, அதை விட்டுத் தள்ளு. கீழ் டிராயர்ல பழைய கார்பன் பேடு இருக்கும். எடு. பேனாவை எடு. நான் சொல்றதை எழுது. கம்பெனி சீலைக் குத்து. ஃபோன்ல போட்டோ புடிச்சு இந்த ஆளுக்கு அனுப்பு.”

மூன்று நிமிஷம் ஆகவில்லை. மேனேஜர் தன் ஃபோனைப் பார்த்தான். “சீல் இருக்கு. சரி. இதை முதல்லயே செஞ்சிருக்கலாமே” என்று சாவியை நீட்டினான். அவர் சாவியைப் பிடுங்கிக்கொண்டார். வாயைத் திறந்திருந்தால் கெட்ட வார்த்தையாக வந்திருக்கும்.

மேனேஜரை லிஃப்ட் வாசலில் நிற்க வைத்துவிட்டு அவர் ஆறு மாடி ஏறினார். ஃப்யூஸைப் பிடுங்கினார். இந்தத் தடவை யார் கையிலும் கொடுக்கவில்லை, சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டார். டார்ச்சைப் பிடித்து மூன்றாவது கயிற்றைப் பார்த்தார். எண்ணினார். அதே ஒரு முழத்துக்குள் ஒன்பது. கொஞ்ச நேரம் தரையில் உட்கார்ந்திருந்துவிட்டு இறங்கினார்.

அவர் ஆபீசுக்குள் வந்தபோது மாப்பிள்ளையும் முதலாளியும் திரும்பியிருந்தார்கள். அக்கா எல்லாவற்றையும் சொல்லியிருக்க வேண்டும். மாப்பிள்ளை முகத்தில் ரத்தம் இல்லை.

“மாமா, நேத்து சாயந்திரம்தான் மாத்தினேன். ரிப்போர்ட்டையெல்லாம் எடுத்துப் பாத்தேன். பத்துக்கு ஒன்பது நல்லாயிருக்குன்னுதான் வருது. அடிக்கடி வர்றதுதானே முதல் எண்ணா இருக்கணும். அதான் ஒன்னை மூனாக்கி, மூனை ஒன்னாக்கினேன். உங்களுக்குச் சுலபமா இருக்கும்னுதான்…”

“சொல்லலியே மாப்பிள்ளை.”

“எழுதி வச்சேனே மாமா.”

“எங்க?”

“செட்டிங்ஸ் ஃபைல்ல. அந்த வரிக்கு மேலயே எழுதியிருக்கேன். தேதியோட.”

அக்கா ஃபோனை எடுத்து, மணி அடிக்காமலேயே காதில் வைத்துக்கொண்டார்.

மெக்கானிக் நின்றார். வாய் வரைக்கும் வந்தது. மகள் முகம் வந்தது, மனைவி சொன்ன ‘ஒரே ஒரு நாள்’ வந்தது, மாவுக்கட்டுக்காரர் சொன்ன ‘நன்றி’யும் வந்தது. மேசையில் இரண்டு கையையும் ஊன்றினார். வெளியே வந்த குரலில் மரியாதை குறையவில்லை. ஆனால் அதைக் கேட்டு முதலாளி உள் அறையிலிருந்து எட்டிப் பார்த்தார்.

“அந்த ஃபைலு எங்க இருக்குன்னு எனக்குத் தெரியுமா மாப்பிள்ளை? அக்காவுக்குத் தெரியுமா? கிணத்துக்குள்ள எழுதி வச்சுட்டு எழுதி வச்சேன்னு சொல்றீங்க. ஏழு இழை ஒன்பதாயிருக்கு. மூனு பேரு அதுல இறங்கி வந்தாங்க, நான் கீழ நின்னு எண்ணிக்கிட்டிருந்தேன். நான் படிக்காம அனுப்பினது என் தப்பு. அதை நான் இனிமே சாகுற வரைக்கும் செய்ய மாட்டேன். உங்க வீட்டுல யாரு அழுதாலும் சரி, என் வீட்டுல யாரு அழுதாலும் சரி.”

மாப்பிள்ளை தலையைக் குனிந்தார். “மன்னிச்சிடுங்க மாமா. எல்லாத்தையும் இப்பவே பழையபடி மாத்திடறேன்.”

“வேணாம். நீங்க கையை வைக்காதீங்க. அந்த ஃபைலைத் திறந்து மட்டும் குடுங்க.”

திறந்து கொடுத்தார். மெக்கானிக் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். இத்தனை மாசமாக அவரைப் படுத்தியதெல்லாம் அதில் வரிசையாக இருந்தது. முதலாளியின் பெரிய எழுத்து, அக்காவின் ரோஸ் கலர் பில்டிங், இடம் மாறின இரண்டு கீ, சுருட்டி வைக்கிற வித்தை. பாதி ஆங்கிலம், புரியவில்லை. ஆனால் தன் வரிகள் புரிந்தன. ரோ1 என்பதன் எதிரே மூன்றாம் எண் வரி உட்கார்ந்திருந்தது. விரல் வைத்துத் தேடினார். ஒன்றை ஒன்றாக்கினார், மூன்றை மூன்றாக்கினார். ஐந்து தலைப்புக்கும். அரை மணி நேரம் ஆனது.

“இந்தச் சுருட்டுறது எந்த வரி?”

மாப்பிள்ளை விரலால் காட்டினார். மெக்கானிக் அந்த வரியை ஒவ்வோர் எழுத்தாக, கடைசி எழுத்து வரைக்கும் அழித்தார்.

“நீங்க எழுதி வச்சேன்னு சொன்னது எது?”

அதையும் காட்டினார். வரியின் முன்னால் இரண்டு அரைப்புள்ளி. ‘இன்று முதல் 1 நன்று, 3 நிறுத்து.’ தேதி.

“இந்தப் புள்ளி எதுக்கு?”

“அது இருந்தா மெஷின் அந்த வரியைப் படிக்காது மாமா. மனுஷங்களுக்காக எழுதுறது.”

மெக்கானிக் அதை அழித்தார். அதே இடத்தில் இரண்டு அரைப்புள்ளியை வைத்தார். இரண்டு விரலால், நிறுத்தி நிறுத்தி அடித்தார்.

‘ஒன்று என்றால் நிறுத்து. இதை மாற்றுகிறவர் என் முகத்தைப் பார்த்துச் சொல்லிவிட்டு மாற்றவும்.’ கீழே தன் ஃபோன் நம்பர்.

முதலாளி பின்னால் வந்து நின்று, கண்ணைச் சுருக்கி, “என்னண்ணே எழுதியிருக்கீங்க? சின்னதா இருக்கு, தெரியலையே” என்றார்.

“கண்ணாடி போடுங்க, தெரியும்.”

அக்கா ஃபோனைக் காதில் வைத்தபடியே சிரித்துவிட்டார்.

மெக்கானிக் அந்தப் பக்கத்தைப் பேப்பரில் எடுத்தார். விரல் வைத்து முதலிலிருந்து படித்தார், புரியாத ஆங்கில வரிகளையும் சேர்த்து. படித்து முடித்துச் சுவரில் ஒட்டினார். பையை எடுத்துக்கொண்டு, வெளியே வருவதற்காகச் சிவப்புப் பொட்டு வைத்த கீயைத் தட்டினார். கீழ் வரியில் அது எதையோ கேட்டது. இன்னொரு பொட்டைத் தட்டினார். இன்னொன்றைக் கேட்டது.

அவர் கொஞ்ச நேரம் அந்தச் சிமிட்டுகிற கட்டத்தையே பார்த்தார்.

“மாப்பிள்ளை,” என்றார் திரும்பாமலே, “இப்போதைக்கு வெளிய போறதுக்கு எந்த கீ?”